திருப்பிச் சொல்லுங்க

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேதி ஊருக்குள் போக வேண்டுமென்றால் அது மீன் சட்டியோடுதான் போகும். நான் அங்கே வேலை பார்த்த ஆறு வருடங்களில் ஐந்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் போனது.

கட்டுமாவடிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரு தலைமையாசிரியர், நான், நாற்பது சொச்சம் பிள்ளைகள். அவ்வளவுதான். சீருடைக்கு அளவெடுக்கிறார்கள், பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், ஆதார் முகாம், கண் முகாம், பெற்றோர் கூட்டம், உதவித்தொகைக்குக் கடைசி நாள் என்று வாரத்துக்கு ஒரு தகவலாவது வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும். அதைக் கொண்டுபோனவர் மீன் விற்கிற ஒரு பெண். ஊரில் எல்லோரும் அவரை மீன்காரக்கா என்றார்கள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. விடியும்போதே கரைக்குப் போய் மீன்பிடி வல்லம் வந்ததும் மீன் எடுத்து, அலுமினியச் சட்டியில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். பாதி விற்று முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வருவார். உள்ளே வர மாட்டார். அடிபம்புக்குப் பக்கத்தில் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். நான் போக வேண்டும்.

"சொல்லுங்க டீச்சர்."

நான் வாசிப்பேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்பார். வாசித்து முடித்ததும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

"வெள்ளிக்கெழம. பத்து மணி. ஆதார் நகல் ஒண்ணு, ரேஷன் கார்டு நகல் ஒண்ணு, போட்டோ ரெண்டு. அம்மா இல்லாட்டி அப்பா, யாராச்சும் ஒருத்தர் கட்டாயம் வரணும். சரிதானா?"

"சரிக்கா."

"இன்னொருக்கா வாசிங்க."

இரண்டாவது முறை நான் அவசரத்தில் போட்டோவை முன்னால் சொல்லிவிட்டால், "மொதல்ல ஆதார்னு சொன்னீங்க" என்பார். ஒரு சொல் கூடக் குறைய விட மாட்டார்.

இது பாதி வேலைதான். மீதி வேலை வீட்டு வாசலில் நடக்கும். ஒருநாள் அவருக்குப் பின்னாலேயே நானும் போக நேர்ந்தது. ஒரு வாசலில் சட்டியை இறக்கினார். அந்த வீட்டுப் பெண் பாத்திரத்தோடு வந்து, காரல் மீன் ஒரு கூறு கேட்டாள்.

"நாளைக்குப் புள்ளைகளுக்குப் பூச்சி மாத்திர குடுக்குறாங்க. வெறும் வயித்தோட அனுப்பக்கூடாது. காய்ச்சல் இருந்தா டீச்சர்கிட்ட சொல்லணும். எங்க, திருப்பிச் சொல்லு."

"அதான் சொல்லிட்டீங்களே. மீன எடுங்கக்கா."

"நீ திருப்பிச் சொல்லு. பெறகு மீனு."

அவள் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு மாத்திர. சாப்பிட வச்சு அனுப்பணும்" என்றாள்.

"காய்ச்சல் இருந்தா?"

"டீச்சர்கிட்ட சொல்லணும்."

அதற்குப் பிறகுதான் சட்டிக்குள் கை போனது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும். சிலர் சலித்துக்கொள்வார்கள். சிலர் அவர் தெருமுனையில் வரும்போதே கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. அவர் போக மாட்டார். கதவுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரும்வரை வெயிலில் நிற்பார். சட்டியில் மீன் வாடிக்கொண்டிருக்கும். எங்கள் பிள்ளைகள் மதிய இடைவேளையில் அவரைப் போலவே தலையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, "மீனு வேணுமா, திருப்பிச் சொல்லு" என்று விளையாடுவார்கள். அவர் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

தலைமையாசிரியர் பெற்றோருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். இனிமேல் அவரை அலைய விட வேண்டாம் என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. கண் பரிசோதனை முகாம் பற்றிய முதல் தகவலைப் போட்டேன். பத்தொன்பது பேர் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்கள். முகாமுக்கு வந்தது இரண்டு பிள்ளைகள்.

அடுத்த நாள் அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார். "பாதி வீட்டுல போனு கடல்ல கெடக்கு டீச்சர். வல்லத்துல போன ஆளு கரைக்கு வந்தாத்தான் ஒங்க சேதியும் கரைக்கு வரும். வந்தாலும் கட்டவெரலத் தட்டிவிட்டுப் படுத்துருவாங்க. கேட்டுச்சான்னு மொகத்தப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த முகாமைத் தவறவிட்டவர்களில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொள்வாள். பள்ளிவாசல் தெருவில் வீடு. அவளுடைய அப்பா ஷார்ஜாவில் வேலை பார்த்தார். அடுத்த முகாமுக்கு அனுப்பச் சொல்லி நான் வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. கண்ணாடி போட்டுவிட்டால் அதைக் கழற்றவே முடியாது என்று யாரோ அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். "அவுக அத்தாகிட்ட கேக்காம நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அந்த அம்மா தயங்கினார்.

மீன்காரக்கா விடவில்லை. "அப்ப கேளுங்க. இப்பவே கேளுங்க. நான் இங்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்று கொல்லைப்புற வாசலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. போன் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அம்மா பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மீன்காரக்கா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒங்க மகளுக்குப் போர்டுல எழுதுறது தெரியல. புதன்கெழம முகாம். காலையில ஒம்பது மணி. கண்ணாடி சும்மாவே தாராங்க. போட்டா கண்ணு கெடாது, போடாட்டித்தான் கெடும். இத டீச்சர் சொன்னாங்க. எங்க, ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க" என்றாராம். ஷார்ஜாவிலிருந்து அந்த மனிதர் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி வந்த அன்று மீன்காரக்கா அந்த வாசலில் சட்டியை இறக்கிவிட்டு, பிள்ளையை எதிர்ச் சுவர் ஓரமாக நிற்க வைத்தார். ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தார். "அங்கிட்டிருந்தே சொல்லு, இது என்ன மீனு?" "காரல்." "இது?" "சூடை." "இது?" "அது நண்டு." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கல்வித்துறை அதிகாரி ஒருவர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டம் பள்ளித் தாழ்வாரத்தில் நடந்தது. காலை உணவைப் பற்றியும் வாசிப்புப் பயிற்சியைப் பற்றியும் நன்றாகத்தான் பேசினார். அம்மாக்கள் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். குடிக்கிற தண்ணீர் உப்பாக இருக்கிறது என்றார்கள். "கண்டிப்பாகக் கவனிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அடிபம்புப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னத்தக் கவனிப்பீங்கன்னு ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க சார்."

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். மீன்காரக்காவின் முகத்தில் கேலி இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்தார். "கழிவறைக்குத் தண்ணீர்" என்றார்.

"குடிதண்ணி உப்பு. அத விட்டுட்டீங்க."

"குடிதண்ணீர் உப்பு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் கழிவறைக்குத் தண்ணீர் வந்தது. குடிதண்ணீர் இன்னும் உப்புதான் என்று கேள்வி.

கொரோனாக் காலத்தில் பள்ளியை மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கான அரிசி, பருப்பு, முட்டையை வகுப்புவாரியாக வேறு வேறு நாளில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்ல வேண்டும். வல்லங்கள் கடலுக்குப் போகவில்லை, மீன் கிடையாது. அப்போதும் அவர் வெறும் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். எதற்கு வெறும் சட்டி என்று கேட்டேன்.

"வெறுங்கையோட போனா வேல இல்லாம வாரான்னு கதவத் தொறக்க மாட்டாங்க. சட்டியப் பாத்தா மீனு வந்துருச்சான்னு எட்டிப் பாப்பாங்கல்ல."

இத்தனையும் செய்தவருக்கு எங்கள் பள்ளியில் பிள்ளை கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

பிள்ளை இருந்தாள். நான் அந்த ஊருக்கு வந்த முதல் வருடம் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். அவருக்கு ஒரே மகள். விளையாட்டு நேரத்தில் ஓட மாட்டாள். எல்லோரும் ஓடுவார்கள், இவள் ஓரமாக உட்கார்ந்து, "யாரு மொதல்ல வாரான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்பாள். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஓட முடியாததை அப்படி மறைத்துக்கொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் நியாயம் பார்க்கிற பிள்ளை என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க அவள் பழகியது என்னிடம்தான். கடை விளம்பரம், பேருந்துப் பலகை, தீப்பெட்டி என்று எதைப் பார்த்தாலும் வாசிப்பாள்.

பள்ளிகளுக்கு வருகிற மருத்துவக் குழு ஒருநாள் வந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். அவளிடம் மட்டும் அந்த மருத்துவர் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றார். பிறகு ஒரு சீட்டு எழுதினார். புதுக்கோட்டையில் இதயச் சிகிச்சை முகாம் நடக்கப் போகிறது, எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும், பிள்ளையைக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லுங்கள் என்று என்னிடம் வாயாலும் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் அந்தச் சீட்டை அவள் பையில் வைத்து, "அம்மாகிட்ட குடுத்துரு" என்றேன்.

மறுநாள் கேட்டேன். "குடுத்துட்டேன் டீச்சர்" என்றாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

முகாம் நாளன்று அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். "ஏன் போகல?" என்று கேட்டேன். "அம்மா வேணாம்னுட்டாங்க டீச்சர்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

எனக்கு அந்த அம்மாமீது கோபம் வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே இந்தப் பக்கத்துப் பெண்கள் பயப்படுவார்கள், நாம் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்பது நினைவுக்கு வரவில்லை. அடுத்த முகாமுக்கு நானே நேரில் போய்ப் பேசிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். அவர் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. என்னுடைய பேருந்து நாலரைக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. அதனால் போகவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் மூச்சுத் திணறி, ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

தலைமையாசிரியரும் நானும் துக்கத்துக்குப் போனோம். நான் பந்தலுக்கு வெளியிலேயே நின்றேன். பெண்கள் உள்ளே கூப்பிட்டார்கள். போகவில்லை.

அதன்பிறகு ஒன்றரை மாதம் இருக்கும். பள்ளி விடுகிற நேரம். உதவித்தொகைக்கான விவரம் கேட்டு ஒரு சீட்டை எழுதி, ஒரு பையனின் கையில் கொடுத்து, "அப்பாகிட்ட குடுத்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அடிபம்புக்குப் பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் நேராக வந்து அந்தப் பையன் கையிலிருந்த சீட்டை வாங்கினார்.

"இது எந்த வீட்டுக்கு?"

சொன்னேன்.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மகளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கு ஓர் ஆறுதல் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. போகப்போக, தன் பிழையை அவரே உணர்ந்து இப்படி ஈடு செய்கிறார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாவது வருடம் எனக்குத் திருக்கோகர்ணத்துக்கு மாறுதல் கிடைத்தது. என் அம்மா வீடு அங்கேதான். கோடை விடுமுறையில் பொறுப்பை ஒப்படைக்கப் போன அன்று, அந்தத் துக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் வீட்டுக்கு நடந்தேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்து மணலைப் போட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

"மாறுதல் வந்துருச்சாமே."

"ஆமாக்கா. திருக்கோகர்ணம்."

"சொந்த ஊரு. நல்லது டீச்சர்."

உள்ளே சுவரில் அவளுடைய படம் இருந்தது. பள்ளி அடையாள அட்டைக்காக நான் எடுத்துக் கொடுத்த படத்தையே பெரிதாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் வர முடியவில்லை.

"அக்கா, பாப்பா விசயமா ஒண்ணு சொல்லணும். அந்தச் சீட்டக் குடுத்து விட்டது நாந்தான். நானே நேர்ல வந்திருக்கணும். முகாம் அன்னைக்கு அவ வகுப்புல இருந்தா. அம்மா வேணாம்னுட்டாங்கன்னு சொன்னா. நீங்க பயந்துட்டீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"எதுக்குப் பயந்தேன்?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவர் என்னையே பார்த்தார்.

"ஆஸ்பத்திரின்னு எனக்கு யாரு சொன்னா டீச்சர்?"

கேட்டுவிட்டு உள்ளே சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

"அவதான் படிச்சுக் காட்டுனா. எழுத்துக் கூட்டிக் கூட்டி. புதுக்கோட்டைன்னு படிச்சா. ஒம்பது மணின்னு படிச்சா. நடுவுல இங்கிலீசுல எழுதியிருக்கு, அது வரலன்னா. புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மான்னு ஒரே சந்தோசம். அதுக்கு முந்துன வருசம் பெரிய சாரு அஞ்சாவது புள்ளைகள அங்கதான் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதுதான்னு நெனச்சோம், அவளும் நானும். போட்டுட்டுப் போகப் பாவாட சட்டையெல்லாம் எடுத்து வச்சுட்டா."

என் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"நாந்தான் வேணாம்னுட்டேன். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல போயி, வெயில்ல அலைஞ்சா தாங்குமான்னு பயந்தேன். அந்தப் பயந்தான் எனக்கு. ராத்திரி பூரா அழுதா. அழட்டும், ஒடம்புக்கு வந்தா யாரு பாக்குறதுன்னு வையக்கூட செஞ்சேன்."

அன்று வகுப்பில் அவள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தது மியூசியத்துக்குப் போக முடியாத அழுகை.

"காரியமெல்லாம் முடிஞ்சு அவ பையக் கொட்டுனப்பத்தான் அந்தச் சீட்டு மறுபடி கையில கெடச்சுச்சு. ரேஷன் கடைக்காரர்கிட்ட கொண்டுபோயிக் காட்டுனேன். அவரு படிச்சாரு. படிச்சுட்டு எம்மொகத்தப் பாக்கல. குனிஞ்சே ஒக்காந்திருந்தாரு. பெறகுதான் சொன்னாரு."

"அக்கா."

"ஒங்ககிட்ட சண்டை போடத்தான் அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஊரக் கூட்டி நாலு கேள்வி கேக்கணும்னு வந்தேன். வந்து பாத்தா இன்னொரு புள்ள கையில சீட்டக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க. அதே மாதிரி. சண்ட மறந்துபோச்சு. அந்தச் சீட்ட மொதல்ல வாங்கணும்னுதான் தோணுச்சு."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் அது போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இத்தன வருசமும் அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க டீச்சர்? புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்னவன்னு?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. நான் பேசாமல் இருந்ததிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. முகம் அப்படியே சுருங்கிப் போனது. மகள் இறந்தபோது நான் பார்க்கத் தவிர்த்த முகத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

"அப்படி நெனச்சுக்கிட்டா தெனமும் எங்கிட்ட சிரிச்சுப் பேசுனீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் மறுபடி உட்கார்ந்து சட்டியை எடுத்துக்கொண்டார். தேய்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். "அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டா நீங்க நிம்மதியா ஊருக்குப் போவீங்க. தெரியுது. எனக்கு வாய் வரல டீச்சர். கோவமெல்லாம் இல்ல. வாய்தான் வரல."

வழக்கமாக யார் அந்த வாசலுக்குப் போனாலும் கையில் ஒரு கூறு மீனைக் கொடுத்துத்தான் அனுப்புவார் என்று ஊரில் சொல்வார்கள். அன்று கொடுக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க" என்றார். தெரு திரும்பும்போது பார்த்தேன். சட்டி மடியிலேயே இருந்தது.

திருக்கோகர்ணத்தில் என்னுடைய வகுப்பில் இப்போது முப்பது பிள்ளைகள். எந்தத் தகவலானாலும் போன் செய்து பேசிவிடுகிறேன், போன் எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்விடுகிறேன். உடன் வேலை பார்ப்பவர்கள் என்னை ரொம்பப் பொறுப்பானவள் என்கிறார்கள். அப்படி யாராவது சொல்லும்போது எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில். மாறுதலாகி இரண்டாவது வருடம். சாயங்காலம். அறந்தாங்கிப் பேருந்து நிற்கிற இடத்தில், கைக்குழந்தை வைத்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஸ்கேன் உறை. நான் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். போகலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை. அவர்தான் என்னிடம் வந்தார். முடி நிறைய நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

"இருக்கேன்கா. இது யாரு?"

"எங்க தெருவுப் புள்ளதான். கொழந்தைக்கு நெஞ்சப் பாக்கச் சொல்லியிருந்தாங்க. இவ தனியா வரப் பயந்தா. நான் கூட வந்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நல்லா இருக்கு."

"சந்தோசம்கா."

"ஆமா."

அதற்குமேல் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. புது டீச்சர் எப்படி என்று கேட்டேன். நல்ல பிள்ளை, தெருவுக்கே வருது என்றார். பள்ளியில் இப்போது இருபத்தாறு பேர்தான், மற்றவர்கள் வேனில் ஏறி இங்கிலீசுப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றார். எதிரே உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் ஐந்தாறு பேர் முதுகில் பையோடு, இரட்டைச் சடையோடு, எதற்கோ சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைகளெல்லாம் எந்த வகுப்பு இருக்கும் டீச்சர்?"

நான் அந்தப் பிள்ளைகளின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒம்பதாவது" என்றேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் மனதுக்குள் அவர் மகளுக்கு ஒரு வகுப்பு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அது அந்த வருடம் வந்து நின்ற இடம் ஒன்பது.

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா. ஒம்பதாவது" என்றார்.

நடத்துநர் அறந்தாங்கி, கட்டுமாவடி என்று கூவினார். அவர் அந்தச் சின்னப் பெண்ணை முன்னால் ஏற்றிவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்புகிறவரை நான் கீழே நின்றேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைகள் போன திசையில், அவர்கள் கூட்டத்தில் மறைந்துபோன பிறகும், பார்த்துக்கொண்டே இருந்தோம்.